கிணற்றுப் பலகையில் நான் எழுதாமல் விட்ட வரி

'ப்ரொஹிபிட்' என்ற இங்கிலீஷ் வினைச்சொல்லை எனக்கு மிக நன்றாகத் தெரியும். எந்த இடத்தில் அதைப் போடலாம், எந்த இடத்தில் போடக்கூடாது, அதன் பின்னால் எந்தச் சின்னச் சொல் வர வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மனைவியிடம் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாதிதான் சொன்னேன். மீதிப் பாதியைச் சாமியார் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

நான் வளர்ந்தது கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அங்கே திரும்பின பக்கமெல்லாம் போர்டுதான். தண்டவாளத்தைக் கடக்காதே, பட்டறைக்குள் வராதே, எச்சில் துப்பாதே, ஆடு மாடு கட்டாதே. எல்லாப் போர்டிலும் அந்த ஒரே சொல் இருக்கும். அப்பா தண்டவாளக் கூலியாக மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, ரயிலுக்குத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஆனவர். எழுதப் படிக்கத் தெரியாது. புதுப் போர்டு எதைக் கண்டாலும் என்னை நிறுத்தி, "என்னடா போட்டிருக்கான்?" என்பார். நான் படித்துச் சொல்வேன். "சரி, நமக்கு ஒன்னும் கூடாதுன்னு போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் 'ப்ரொஹிபிட்' ஒரு சொல், 'ஃபொர்பிட்' ஒரு சொல் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்தோம். இரண்டுக்கும் தமிழில் தடுப்பது என்றுதான் அர்த்தம். ஆனால் 'ஃபொர்பிட்' என்பது ஒரு ஆள் இன்னொரு ஆளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வது. அப்பா மகனிடம் சொல்வது, வைத்தியர் நோயாளியிடம் சொல்வது. அங்கே எதிரில் ஒரு முகம் இருக்கும்; அழலாம், கெஞ்சலாம், சண்டை போடலாம். 'ப்ரொஹிபிட்' சொல்வதற்கு ஆள் வேண்டியதில்லை. சட்டம் சொல்லும், ரயில்வே சொல்லும், பலகை சொல்லும். பலகையிடம் போய் ஏன் என்று கேட்க முடியாது. எனக்கு இந்த 'ப்ரொஹிபிட்'தான் பிடித்திருந்தது. என்னைப் போன்ற கோழைக்கு அதுதான் பிடிக்கும்.

நாங்கள் வேதக்காரர்கள். கப்பலேறுவதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே ஞானஸ்நானம் வாங்கியவர்கள். ஆனால் ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிடவில்லை. ஊரில் மாதா கோவிலுக்குள்ளேயே எங்கள் ஆட்களுக்குத் தனி இடம், தனி வாசல் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஊரின் பொதுக் கிணற்றில் அவர் வாழ்நாளில் ஒரு குடம் தண்ணீர் எடுத்ததில்லை. நான் வேலைக்குப் புறப்பட்ட அன்று அவர் கொடுத்த புத்திமதி ஒன்றே ஒன்றுதான். "எந்த ஊருன்னு கேட்டா பிரிக்பீல்ட்ஸுன்னு சொல்லு. அதுக்கும் மேல கேட்டா ரயில்வேன்னு சொல்லு. அதோட வாயை மூடிக்க."

வேலை கிடைத்தது கிள்ளானுக்குத் தெற்கே, பந்திங் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். எனக்கு இருபத்திரண்டு வயது. சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா உத்தியோகம். விடியற்காலையில் ஆட்கள் வேலைக்குப் போகுமுன் வரிசையில் நிற்கும் பெரட்டில் பேர் கூப்பிடுவேன். பிறகு ஆபீசில் துரையின் கடிதங்களைப் பிரதி எடுப்பேன். அவர் போடும் உத்தரவுகளைப் பலகையில் மேலே இங்கிலீஷிலும் கீழே தமிழிலும் வெள்ளைச் சாயத்தால் எழுதி மாட்டுவதும் என் வேலைதான். துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, பேசத் தெரியும். அவருடைய தமிழில் வா, போ, வெட்டு, நிறுத்து மட்டும்தான் இருந்தன. ஏன், எதனால், எப்படி என்பதற்கெல்லாம் அவரிடம் தமிழ் கிடையாது. அந்தப் பகுதி என் பொறுப்பு.

தோட்டத்தில் ஆட்கள் குடியிருந்த லயங்கள் இரண்டு. மேட்டு லயத்தில் கங்காணியும் அவர் ஊரிலிருந்து அழைத்து வந்த மேல்சாதிக் குடும்பங்களும் இருந்தார்கள். பள்ளத்து லயத்தில் எங்கள் ஆட்கள். 'எங்கள்' என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அந்தச் சொல் என் வாயில் வராது. மேட்டு லயத்துக்கு ஒரு கிணறு, பள்ளத்து லயத்துக்கு ஒரு கிணறு. தோட்டத்தை வெட்டித் திறந்த காலத்திலேயே அப்படித்தான் அமைத்திருந்தார்கள். துரைமார்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. சண்டை இல்லாமல் ரப்பர்ப் பால் வெட்டு நடந்தால் அவர்களுக்குப் போதும். நான் இருந்த ஆபீஸ் வீட்டுக்கு, பால் சேர்க்கும் ஸ்டோரின் கூரையிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர்த் தொட்டி தனியாக இருந்தது.

கங்காணிக்கு ஐம்பது வயதிருக்கும். பெரிய மீசை, பெரிய குரல், மனசும் பெரியதுதான் என்று அப்போது நினைத்தேன். தீபாவளி பொங்கலுக்கு என்னை அழைத்து, வீட்டு முன்னாலிருந்த அஞ்சடித் தாழ்வாரத்தில் பாய் விரித்து, இலை போட்டு விருந்து வைப்பார். "நம்ம கிராணியார்" என்று தோளில் தட்டுவார். ஒருமுறை மட்டும் சொந்த ஊர் எது என்று கேட்டார். பிரிக்பீல்ட்ஸ் என்றேன். "அதெல்லாம் ஒரு ஊரா கிராணியாரே?" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவர் விட்டுவிட்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. அந்தத் தோள்தட்டலுக்காக நான் நாய் மாதிரி வாலாட்டினேன்.

அவருடைய மருமகள்தான் விருந்தில் பரிமாறுவாள். ஊரிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாலாம் வகுப்பு வரை படித்தவள். அந்த இரண்டு லயத்திலும் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான். கிள்ளான் பாசார் கடைகளில் சாமான் கட்டி வரும் பழைய பத்திரிகைத் தாளைக்கூட நீவி எடுத்து வைத்துப் படிப்பாள். என் பலகைகளை ஒன்று விடாமல் படித்துவிட்டு என்னைக் கேலி செய்வாள். "போர்டுல எப்பவும் கோவமாவே எழுதுறீங்களே ஐயா, ஒரு தடவையாவது 'தயவுசெய்து'ன்னு போடக்கூடாதா?" என்பாள். துரை அப்படி எழுதுவதில்லை என்பேன். "துரை எழுதலைன்னா என்ன, நீங்க போடுங்க. அவருக்குத் தெரியவா போகுது?" என்பாள். நான் சொல்லவந்த காரியம் நடந்தபோது அவள் வயிற்றில் ஆறு மாசக் குழந்தை.

கிணற்றுத் தகராறு ஒன்று ஏற்கெனவே நடந்திருந்தது. பள்ளத்து லயத்துக் கிணற்றில் கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்த ஒரு நாள், அங்கிருந்து இரண்டு பெண்கள் மேட்டுக் கிணற்றுக்குக் குடத்தோடு வந்துவிட்டார்கள். மேட்டு லயமே கூடிவிட்டது. குடம் உடைந்தது, ஒரு பெண்ணின் முழங்கை கிழிந்தது. கங்காணி ஆபீசுக்கு வந்து, "எங்க கிணத்துக்கிட்ட அந்த ஆளுக வரக்கூடாதுன்னு துரை ஒரு போர்டு போட்டுக் குடுக்கணும்" என்று மனு கொடுத்தார். துரை தலையாட்டினார். அது அவர் வழக்கம். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், எதையும் செய்ய மாட்டார்.

அதற்கு ஒரு மாசம் கழித்துக் கிள்ளானிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு கிணற்றிலும் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் மொண்டு, அடையாளம் ஒட்டி எடுத்துப் போனார். மேட்டு லயத்துக்குப் பின்னால் புதிதாகக் கக்கூஸ் குழிகள் வெட்டியிருந்தோம். அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. பள்ளத்துக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். மேட்டுக் கிணற்றில் குழியின் கசிவு கலந்திருக்கிறது, குடித்தால் ஆபத்து, உடனே மூட வேண்டும்.

துரை அப்போதே ஒரு தாளில் இரண்டு வாக்கியம் எழுதினார். முதல் வாக்கியத்தில் அந்தச் சொல் இருந்தது: இந்தக் கிணற்றை உபயோகிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. இரண்டாவது வாக்கியம்: எல்லோரும் பள்ளத்து லயத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். தாளை என்னிடம் நீட்டி, "கிராணி, தமிழ் எழுது. பெரட்டுலே சொல்லு. தண்ணி கெட்டது. நல்லா சொல்லு" என்றார். மறுநாள் காலையே கோலாலம்பூர் வழியாக மலைக்கு எட்டு நாள் ஓய்வுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். பெரிய கிராணி காய்ச்சலில் படுத்திருந்தார். ஆபீசில் நான் மட்டும்தான்.

பலகையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கிலீஷ் இரண்டு வரியையும் அழகாக எழுதினேன். தமிழில் முதல் வரியும் வந்துவிட்டது. இரண்டாவது வரிக்குத் தூரிகையைத் தோய்த்தபோது கை நின்றது. மேட்டு லயத்து ஆட்களைப் பள்ளத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக் குடிக்கச் சொல்லி நான் எழுத வேண்டும். துரை சொன்னார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். துரைக்குத் தமிழ் எழுத வராது என்பது எல்லோருக்கும் தெரியும். கிராணி எழுதியிருக்கிறான் என்பார்கள். இவன் ஏன் இப்படி எழுதினான், இவன் யார், எந்த ஊர், யார் மகன் என்று தோண்ட ஆரம்பிப்பார்கள். இரண்டாவது விஷயத்தைக் கங்காணியிடம் தனியாக, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு வரியோடு நிறுத்தினேன். அந்த ஒரு வரியில் பிழை எதுவும் இல்லை. துரை எழுதிய முதல் வாக்கியத்துக்குச் சரியான தமிழ் அது. யார் வந்து பரீட்சை வைத்தாலும் முழு மார்க்கு கிடைத்திருக்கும்.

தோட்டத்துத் தச்சர் பலகையைக் கிணற்றடியில் அடித்துவிட்டுப் போன அன்றே மேட்டு லயம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. நான் கனவிலும் நினைக்காத ஒன்று நடந்தது. கிணற்றைத் தடுத்தால் அது ஒரு சாதிக்குத்தான் தடை என்பது எங்கள் தமிழ் ஜனங்களுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். கிணறு எல்லோருக்கும் கூடாது என்று ஒரு தடை உலகத்தில் இருக்க முடியும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மேட்டு ஆட்கள் தலைமுறை தலைமுறையாக எந்தக் கிணற்றிலும் தடுக்கப்பட்டவர்கள் அல்ல. கங்காணி கேட்ட போர்டு வந்துவிட்டது, அவ்வளவுதான். மறுநாள் பெரட்டில் நான் வாயைத் திறக்குமுன் கங்காணி முன்னால் வந்து, "கிணத்துக்குத் துரை போர்டு போட்டுட்டாரு! இனிமே பள்ளத்து ஆளுக யாரும் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக்கூடாது!" என்று கூவினார். பள்ளத்து லயத்து வரிசையில் ஒரு முகமும் மாறவில்லை. ஒரு கிழவர் மட்டும், "நாங்க எப்பங்க அங்க வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நான் பேர்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வரப்போவதில்லை. 'கங்காணியாரே, தடை உங்களுக்குத்தான், தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது' என்று சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. இருநூறு பேருக்கு முன்னால் அவரை முட்டாளாக்கினால் அவர் சும்மா விடுவாரா என்று யோசித்தேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று பேர் கூப்பிட ஆரம்பித்தேன்.

சாயங்காலம் அவரே வந்தார். கையில் ஒரு சேவல், நாலு தேங்காய், வெற்றிலைத் தட்டு. "நீங்கதான் துரைகிட்டப் பேசி முடிச்சிருக்கணும். எனக்குத் தெரியாதா? நம்ம கிராணியார் நம்ம கிராணியார்தான்" என்று தோளில் தட்டினார். நான் மெதுவாக, "கங்காணியாரே, அந்தக் கிணத்துத் தண்ணி கொஞ்சம் சரியில்லைன்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கார்" என்றேன். 'கொஞ்சம்' என்று சொன்னேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். "அவனுக வந்து மோந்தா தண்ணி எப்படிச் சரியா இருக்கும்? அதான் இப்போ போர்டு வந்துடுச்சே" என்றார். நான் சேவலை வாங்கிக்கொண்டேன். அதைச் சமைத்துச் சாப்பிட்டும் இருக்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

அதற்கு மூன்றாம் நாள், மத்தியானம் பால் எடுத்துக்கொண்டு ஆட்கள் ஸ்டோருக்கு வந்த நேரத்தில், மருமகள் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"ஐயா, ஒன்னு கேக்கணும். உங்க போர்டுல எப்பவும் இங்கிலீசும் தமிழும் சரிக்குச் சரியா இருக்கும். இந்தப் போர்டுல மேல ரெண்டு வரி இருக்கு, கீழ ஒரு வரிதான் இருக்கு. இன்னொரு வரி என்னங்க?"

அந்தத் தோட்டத்தில் இருநூறு பேர் அந்தப் பலகையைப் பார்த்தார்கள். எண்ணிப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

தலையைக் குனிந்துகொண்டேன். மேசை மேலிருந்த தாளை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். "அது ஒன்னுமில்லைம்மா. அது தமிழ்ல எழுத வேண்டியது இல்லை" என்றேன்.

"தண்ணி நாங்க எடுக்கலாமில்ல? மாமா எடுக்கலாம்னுதான் சொல்றாரு. ஆனா போர்டுல பொதுவா போட்டிருக்கே, அதான்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி கேட்க முடியாது. போர்டு போட்டவனின் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறாள். எடுக்காதே என்ற ஒரு சொல் போதும். 'ஃபொர்பிட்' என்ற சொல்லுக்கு உலகத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. "உங்க மாமா சொல்றபடி செய்ங்கம்மா" என்றேன், தலையை நிமிர்த்தாமல். அவள், வழக்கமான கேலி எதுவும் இல்லாமல், ரொம்ப மெதுவாக, "சரிங்க ஐயா. நான் கேட்டதை மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்டு லயத்தில் முதலில் ஒரு கிழவருக்கு வயிறு போனது. திங்கட்கிழமை ஏழெட்டுப் பேருக்கு ரத்தமாகப் போனது. பெரட்டில் மேட்டு வரிசை பாதி காலி. பள்ளத்து லயத்தில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் கறுப்பு மருந்தைக் கொடுத்துக்கொண்டே போனார்; தண்ணீரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் மாறிப் போனது. அதுவரை என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன்; இப்போது நான் கொன்றுவிட்டேன் என்று பயந்தேன். கிணற்றடிக்கு ஓடினேன். கயிற்றை அறுத்தேன், வாளியைத் தூக்கித் தூர எறிந்தேன். "இந்தத் தண்ணியை யாரும் குடிக்காதீங்க! தண்ணியிலதான் நோய் இருக்கு!" என்று கத்தினேன். ஒன்றரை வருஷத்தில் அங்கே நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லோரும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது போலப் பார்த்தார்கள். அதற்குள் கங்காணி வீட்டில் மருமகள் படுத்துவிட்டாள்.

துரை திரும்பி வந்த அன்று அவளையும் இன்னும் மூன்று பேரையும் லோரியில் ஏற்றிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றினார்கள். லோரியில் அவள் தலையைப் புருஷன் மடியில் வைத்திருந்தான். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தாளா இல்லையா தெரியாது. நான் வண்டியின் பலகையைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் வாசலில் ஒரு போர்டு. வெளி ஆட்கள் உள்ளே வருவது தடை செய்யப்பட்டிருக்கிறது. அதே சொல், அதே நடை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவள் புருஷனுக்குப் படிக்கத் தெரியாது. நேராக உள்ளே போய்விட்டான், அவனை யாரும் தடுக்கவும் இல்லை. கங்காணியும் போனார். படித்தவன் மட்டும் மூன்று நாளும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். உள்ளே போகாததற்கு எனக்கு ஒரு போர்டு கிடைத்துவிட்டது என்பதுதான் உண்மை. முதல் நாள் வயிற்றிலிருந்த குழந்தை போனது. மூன்றாம் நாள் மத்தியானம் அவளும் போனாள். கங்காணி வெளியே வந்து, வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய குரலை எங்கே வைத்தார் என்று தெரியாதபடி சத்தமில்லாமல் அழுதார்.

விசாரணை நடந்தது. இன்ஸ்பெக்டர் வந்து, எச்சரிக்கை போட்டீர்களா என்று கேட்டார். துரை பலகையைக் காட்டினார். "தமிழிலும் எழுதியிருக்கிறதா?" "எழுதியிருக்கிறது." "ஆட்களுக்கு விளக்கிச் சொன்னாயா?" என்று துரை என் பக்கம் திரும்பினார். "சொன்னேன் சார்" என்றேன். "உத்தரவை மீறி எடுத்திருக்கிறார்கள்" என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். செத்தவளின் மேல் பழி விழுந்தது. ஒருவரும் தமிழ் வரியை இங்கிலீஷ் வரியோடு ஒத்துப் பார்க்கவில்லை. கிணற்றைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடினார்கள். மேட்டு லயத்துக்கு ஸ்டோரிலிருந்து குழாய் போட்டார்கள். அந்த வேலை ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. முன்னாலேயே செய்திருக்கலாம் என்று துரையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்று மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு முடியவில்லை. ரயில்வேயில் சரக்கு ஆபீசில் இடம் இருப்பதாக அப்பா சொல்லி அனுப்பினார். ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். கிள்ளான் ஸ்டேஷன் வரைக்கும் என்னையும் என் பெட்டியையும் மாட்டு வண்டியில் கொண்டுபோய் விடக் கங்காணியே வந்தார். மீசை முழுக்க நரைத்திருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே மரத்தடியில் வண்டியை நிறுத்தியபோது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இதற்கு மேல் இழக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"கங்காணியாரே, நான் பள்ளத்து லயத்து ஆளுங்க சாதிதான். இத்தனை நாளா உங்ககிட்ட மறைச்சிட்டேன்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும். நீங்க வந்த மாசமே தெரியும். எங்க ஊர்க்காரன் ஒருத்தன் பிரிக்பீல்ட்ஸுல உங்க அப்பாகூட வேலை பாத்தான். தெரிஞ்சுதான் வீட்டுக்குள்ள கூப்பிடாம அஞ்சடியோட நிறுத்திக்கிட்டோம். வீட்ல எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்."

அவரே மேலே பேசினார்.

"அவ உங்ககிட்ட வந்து கேட்டாளே, அன்னிக்குச் சாயங்காலம் எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'இங்கிலீசுல இன்னொரு வரி இருக்கு மாமா. அதுல அவங்க ஆளுங்களைப் பத்தி ஏதோ அசிங்கமா எழுதியிருக்கு போல. பாவம், தன் கையால அதைத் தமிழ்ல எழுத அவருக்கு மனசு வரல. கேட்டதும் தலையைக் குனிஞ்சுட்டாரு. வீட்ல யாரும் இனிமே அதைக் கேட்டு அவரை நோகடிக்காதீங்க'ன்னா. எனக்கும் மனசுல ஒரு சின்னச் சந்தேகம் இருந்துச்சு கிராணியாரே, இன்ஸ்பெக்டர் போத்தல்ல தண்ணி எடுத்துட்டுப் போனதை நானும் பாத்தேன் இல்ல? அவ அப்படிச் சொன்னதும் விட்டுட்டேன்."

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னதான் எழுதியிருந்துச்சு அந்த வரியில?" என்று கேட்டார்.

சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் சொன்னேன். பள்ளத்து லயத்துக் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது.

கங்காணி மாட்டின் முதுகைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க அதை எழுதியிருந்தாலும் நாங்க அங்க போயிருக்க மாட்டோம். செத்தாலும் போயிருக்க மாட்டோம்" என்றார். எனக்குச் சட்டென்று மூச்சு வந்தது போல இருந்தது. அந்த ஒரு நொடி, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் விடுதலை ஆகிவிட்டதாக நினைத்தேன்.

"அவ போயிருப்பா" என்றார் கங்காணி. "குடத்தைத் தூக்கிக்கிட்டு மொத ஆளா போயிருப்பா."

ரயில் வந்து நின்றது. என் பெட்டியை அவர்தான் தூக்கி உள்ளே வைத்தார்.